ஏப்ரலில் எழுதும் தீர்ப்பு

கோலார் தங்கவயலில், ஐ.பி.எல்.லில் ஆடும் பெங்களூர் அணியான ஆர்.சி.பி.க்குத் தீர்ப்பு எழுத ஐந்து ஆட்டங்கள் போதும். அதில் மூன்று தோற்றுவிட்டால் ராபர்ட்சன்பேட்டை மார்க்கெட்டிலும், ஆண்டர்சன்பேட்டை டீக்கடையிலும், விடியற்காலையில் மாரிக்குப்பத்திலிருந்து பெங்களூருக்குக் கிளம்பும் ரயிலிலும் ஒரே பேச்சு: "முடிஞ்சுது, இந்த வருஷமும் அவ்ளோதான்." நான்கு ஜெயித்துவிட்டால் அதற்கும் ஒரு பேச்சு தயாராக இருக்கும்: "ஆரம்பத்துல இப்படித்தான் ஆடுவாங்க, கடைசியில கவுத்துடுவாங்க." தோற்றாலும் முடிவு தெரிந்துவிட்டது, ஜெயித்தாலும் முடிவு தெரிந்துவிட்டது. பிறகு மே மாதக் கடைசிவரை எதற்காக ஆடுகிறார்கள் என்று யாரும் கேட்பதில்லை.

இந்தப் பேச்சை நான் மறுக்கிறேன். ஆர்.சி.பி. மேலுள்ள பாசத்தால் மட்டும் மறுக்கவில்லை. கணக்கு தப்பு, வரலாறு தப்பு, ஆட்டத்தைப் பார்க்கும் விதமும் தப்பு. எங்கள் ஊர்க்காரர்கள் அப்படிப் பேசுவதற்குக் காரணம் இருக்கிறது என்பதும் எனக்குத் தெரியும். அதைப் பற்றிப் பிறகு பேசுகிறேன்.

முதலில் எதிர்த்தரப்பின் வாதத்தை அதன் முழு வலுவோடு வைத்துவிடுகிறேன். "மொத்தமே 14 லீக் ஆட்டம். அஞ்சு போனா மூணுல ஒரு பங்கு போயிடுச்சு. பிளே-ஆஃப் போக எட்டு ஜெயிக்கணும். அஞ்சுல நாலு தோத்தவன் மிச்சம் ஒன்பதுல ஏழு எப்படி ஜெயிப்பான்? அதே கேப்டன், அதே பவுலர்தானே?" நியாயமான கேள்விதான். ஆனால் இந்தக் கேள்விக்கு அடியில் ஒரு நம்பிக்கை ஒளிந்திருக்கிறது: ஐந்தில் நான்கு தோற்ற அணி மோசமான அணியாகத்தான் இருக்க வேண்டும் என்பது. அதைத்தான் சோதித்துப் பார்க்க வேண்டும்.

ஒவ்வொரு ஆட்டத்திலும் ஜெயிக்கச் சரிபாதி வாய்ப்புள்ள ஒரு அணியை எடுத்துக்கொள்வோம். ஐந்து ஆட்டங்களின் முடிவுகள் 32 விதமாக அமையலாம். ஒன்றுகூட ஜெயிக்காமல் போவது ஒரு விதம். ஒன்றே ஒன்று ஜெயிப்பது ஐந்து விதம். ஆக 32-இல் 6. பத்து அணிகள் ஆடும் போட்டியில், எல்லா அணிகளும் துல்லியமாகச் சம பலம் கொண்டவையாக இருந்தாலும், ஏறக்குறைய இரண்டு அணிகள் ஐந்தில் நான்கோ ஐந்துமோ தோற்றுத்தான் சீசனைத் தொடங்கும். அதேபோல் இரண்டு அணிகள் நான்கோ ஐந்தோ ஜெயித்துத் தொடங்கும். நூற்றுக்கு 60 முறை ஜெயிக்கக்கூடிய நல்ல அணிக்கும் இந்த மோசமான தொடக்கம் பதினொன்று பன்னிரண்டு சீசனுக்கு ஒரு முறை வந்தே தீரும். யாருடைய தவறும் இல்லாமலே இது நடக்கும். இருபது ஓவர் ஆட்டத்தில் பலவான் பலவீனனை அடிக்கச் சில சமயம் நேரம் போதாமல் போகும்.

2025 சாம்பியன் ஆர்.சி.பி.யின் லீக் கணக்கையே பாருங்கள். 14 ஆட்டங்களில் 9 வெற்றி, 4 தோல்வி, ஒன்று மழையில் போனது. அந்த நான்கு தோல்விகளில் மூன்று, முதல் ஏழு ஆட்டங்களிலேயே வந்துவிட்டன. கோப்பையைத் தூக்கிய அணியே இப்படி என்றால், ஏப்ரலில் வரும் தோல்வி எதைத்தான் சொல்கிறது?

இனி 2024. தங்கவயலில் இந்த ஒரு சீசனைப் பற்றிப் பேசாமல் ஆர்.சி.பி.யைப் பற்றிப் பேசவே கூடாது. மார்ச் 22 அன்று சேப்பாக்கத்தில் சி.எஸ்.கே.யிடம் தோல்வி. அடுத்து பஞ்சாப்பை ஜெயித்தார்கள். அதன் பிறகு வரிசையாக ஆறு தோல்வி. எட்டு ஆட்டம் முடிந்தபோது ஒரே ஒரு வெற்றி, புள்ளிப் பட்டியலில் கடைசி இடம். அந்த வாரம் எங்கள் ஊரில் ஆர்.சி.பி. சட்டையைப் போட்டுக்கொண்டு தெருவில் நடக்கத் துணிச்சல் வேண்டியிருந்தது. சி.எஸ்.கே. ஆட்கள் பக்கத்து வீட்டிலேயே இருக்கிறார்கள். பல வீடுகளில் அண்ணன் மஞ்சள், தம்பி சிவப்பு.

அந்தத் தோல்விகளை எண்ணியவர்கள், அவை எப்படி வந்தன என்று பார்க்கவில்லை. ஏப்ரல் 15 அன்று பெங்களூர் சின்னசாமி மைதானத்தில் ஹைதராபாத் 287 ரன் குவித்தது. எந்த அணியும் அங்கேயே நொறுங்கிப் போயிருக்கும். ஆர்.சி.பி. திருப்பி 262 அடித்தது. ஏப்ரல் 21 அன்று ஈடன் கார்டனில் கொல்கத்தாவின் 222-ஐத் துரத்தி 221-க்கு ஆட்டமிழந்தார்கள். கடைசி ஓவரில் 21 ரன் வேண்டும் என்ற நிலையில் கர்ண் சர்மா, ஸ்டார்க்கை மூன்று சிக்ஸர் விளாசியும் ஒரு ரன்னில் தோல்வி. புள்ளிப் பட்டியலுக்கு அந்த ஒரு ரன்னும் நூறு ரன்னும் ஒன்றுதான். பார்க்கிறவனுக்கு ஒன்றாக இருக்கலாமா? இந்த அணியின் மட்டை செத்துப்போகவில்லை, பந்துவீச்சுதான் ஓட்டையாக இருக்கிறது, அதை அடைத்தால் பிழைக்கும் என்று அந்த இரண்டு ஆட்டங்களும் உரக்கச் சொல்லின.

அதைத்தான் அடைத்தார்கள். ஏப்ரல் 25 அன்று ஹைதராபாத்திலேயே போய், அதே அணிக்கு எதிராக, அதுவரை வெளியே உட்கார்ந்திருந்த ஸ்வப்னில் சிங்கை இறக்கினார்கள். ஏலத்தில் 20 லட்ச ரூபாய் அடிப்படை விலைக்கு வாங்கப்பட்ட இடதுகை சுழற்பந்து வீச்சாளர். ஒரே ஓவரில் மார்க்ரமையும் கிளாசனையும் வீழ்த்தினார். ரஜத் பட்டிதார் 19 பந்தில் அரைசதம் அடித்தார். 35 ரன்னில் வெற்றி. மூன்று நாள் கழித்து அகமதாபாத்தில் குஜராத்துக்கு எதிராக வில் ஜாக்ஸ் 41 பந்தில் சதம். பிறகு குஜராத்தை மறுபடியும், பஞ்சாப்பை, டெல்லியை என்று ஐந்து வெற்றி. ஆறாவது, மே 18, சின்னசாமியில் சி.எஸ்.கே.

சும்மா ஜெயித்தால் போதாது. ரன் ரேட்டில் சி.எஸ்.கே.யைத் தாண்ட 18 ரன் வித்தியாசமாவது வேண்டும். ஆர்.சி.பி. 218. கடைசி ஓவரில் சி.எஸ்.கே. பிளே-ஆஃப் போக 17 ரன் தேவை. முதல் பந்தையே தோனி மைதானத்துக்கு வெளியே அனுப்பினார். அடுத்த பந்தில் அவுட். அந்த ஓவரில் மொத்தமே ஏழு ரன்தான். 27 ரன்னில் வெற்றி. ஒன்றுக்கு ஏழு என்று கிடந்த அணி நாலாம் இடத்தில் பிளே-ஆஃபுக்குள் நுழைந்தது. கேப்டன் அதே டூப்ளெசிதான். ஏப்ரல் தீர்ப்பு கேப்டன் தலையைக் கேட்டது. அணிக்குத் தேவைப்பட்டதோ இரண்டு மூன்று பேரின் இடமாற்றம்.

"எலிமினேட்டர்ல ராஜஸ்தான்கிட்ட தோத்தாங்களே?" என்பார்கள். தோற்றார்கள். அதனால் ஏப்ரல் 21 அன்று எழுதிய தீர்ப்பு சரியாகிவிடாது. பிளே-ஆஃபே கிடையாது என்றுதானே அன்று சொன்னீர்கள்?

இது ஒரு தடவை நடந்த அதிசயமும் இல்லை. 2009-இல் தென்னாப்பிரிக்காவில் முதல் ஆட்டத்தை ஜெயித்துவிட்டு அடுத்த நான்கையும் தோற்ற ஆர்.சி.பி., கும்ப்ளே தலைமையில் இறுதிப் போட்டிவரை போனது. 2016-இல் முதல் ஏழில் இரண்டே வெற்றி. அடுத்த ஏழில் ஆறு. கோலி அந்த சீசனில் 973 ரன். மறுபடி இறுதிப் போட்டி. 2015-இல் மும்பை முதல் நான்கையும் தோற்றது, கோப்பையை எடுத்தது. 2014-இல் கொல்கத்தா முதல் ஏழில் ஐந்து தோற்றுவிட்டுத் தொடர்ந்து ஒன்பது ஜெயித்தது. அந்தக் கோப்பையை அவர்கள் தூக்கியது நம் சின்னசாமியில்தான். அன்று எதிரே நின்ற பஞ்சாப், அந்த சீசனின் முதல் ஐந்தையும் ஜெயித்திருந்த அணி.

மறுபக்கத்தையும் பாருங்கள், அங்கேதான் எனக்கு உண்மையில் கோபம் வருகிறது. 2024 ஏலத்தில் கே.எல். ராகுலை ஆர்.சி.பி. வாங்காமல் விட்டபோது கர்நாடகம் முழுக்க வருத்தம். நம்ம பையனை டெல்லிக்குக் கொடுத்துவிட்டார்களே என்று. 2025 ஏப்ரல் 10 அன்று அவர் டெல்லி அணிக்காகச் சின்னசாமிக்கு வந்தார். ஆட்டமிழக்காமல் 93 ரன் அடித்து ஜெயிக்க வைத்துவிட்டு, மட்டையால் தரையில் வட்டம் போட்டு ஊன்றி, இது என் மண் என்று காட்டினார். அது அவருடைய நேர்மையான உணர்ச்சி; அதில் எனக்குக் குறையில்லை. ஆனால் அன்று இரவு எங்கள் ஊரில் எழுதப்பட்ட தீர்ப்பு என்ன? டெல்லி நாலுக்கு நாலு, அவர்களுக்குத்தான் கப், ஆர்.சி.பி.க்குச் சொந்த மைதானத்திலேயே ஜெயிக்கத் தெரியவில்லை.

டெல்லி அந்த ஆண்டு பிளே-ஆஃபுக்கே போகவில்லை. முதல் நான்கையும் ஜெயித்த ஒரு அணி பிளே-ஆஃபைக் கோட்டைவிட்டது ஐ.பி.எல். வரலாற்றில் அதுவே முதல் முறை. சொந்த மைதானத்தில் ஜெயிக்கத் தெரியாத ஆர்.சி.பி. ஜூன் 3 அன்று அகமதாபாத்தில் பஞ்சாப்பை ஆறு ரன்னில் வென்று, 18 வருடத்தில் முதல் முறையாகக் கோப்பையைத் தொட்டது. மறுநாள் சின்னசாமி வாசலில் நெரிசலில் பதினோரு பேர் உயிர் போனது; அந்தக் கோப்பையை நினைக்கும்போதெல்லாம் அதுவும் கூடவே வருகிறது, வரத்தான் வேண்டும்.

அந்த ஏப்ரலில் புள்ளிப் பட்டியல் எதை மறைத்தது என்று சொல்கிறேன். முதல் ஏழு ஆட்டங்களில் நாலு வெற்றி, மூன்று தோல்வி. சாதாரணக் கணக்கு. பிரித்துப் பாருங்கள்: நாலு வெற்றியும் வெளியூரில், மூன்று தோல்வியும் பெங்களூரில். ஈடனில் நடப்புச் சாம்பியனை முதல் ஆட்டத்திலேயே அடித்தார்கள். 2008-க்குப் பிறகு முதன்முறையாகச் சேப்பாக்கத்தில் சி.எஸ்.கே.யை 50 ரன்னில் வென்றார்கள். வான்கடேயில் மும்பை, ஜெய்ப்பூரில் ராஜஸ்தான். மெதுவான ஆடுகளம், பந்து எழும்பும் ஆடுகளம், இரவுப் பனி எல்லாவற்றிலும் ஜெயிக்கத் தெரிந்த பந்துவீச்சு கைவசம் இருந்தது என்பதற்கு அதைவிட என்ன சாட்சி வேண்டும்? இத்தனை வருடம் ஆர்.சி.பி.க்கு இல்லாமலிருந்ததே அதுதான். ஹேசல்வுட் ஒரு பக்கம், குருணால் பாண்டியா நடு ஓவர்களில் இன்னொரு பக்கம். சின்னசாமியில் அந்த ஏப்ரலில் பந்து நின்று வந்தது, டாஸும் போனது, முதலில் மட்டை பிடித்துத் திணறினார்கள். அது ஒரு மைதானத்தின் பிரச்சினை, சரிசெய்யக்கூடியது. ஏப்ரல் 24 அன்று ராஜஸ்தானுக்கு எதிராக அங்கேயே 205 அடித்தார்கள். ஹேசல்வுட் 19-ஆவது ஓவரில் ஒரே ஒரு ரன் கொடுத்து இரண்டு விக்கெட் எடுத்தார். 11 ரன்னில் வெற்றி. லீக்கில் வெளியூர் ஆட்டங்கள் ஏழையும் ஜெயித்த அணியாக முடித்தார்கள்.

"சரி, 2019? முதல் ஆறும் தோத்தாங்க, கடைசி இடம்தானே? 2025-ல சி.எஸ்.கே.? ஒண்ணு ஜெயிச்சு அஞ்சு தோத்தாங்க, பத்தாவது இடம். ஏப்ரல்ல சொன்னது நடக்கலையா?" என்று கேட்பவர்களுக்கு நான் பதில் சொல்லியாக வேண்டும்.

2019-ஐ மறுபடி எண்ணிப் பாருங்கள். ஆறு தோல்விக்குப் பிறகு மிச்சமிருந்த எட்டில் ஐந்து வெற்றி, இரண்டு தோல்வி, ஒன்று முடிவில்லை. அந்த அணியால் ஜெயிக்கவே முடியாது என்ற ஏப்ரல் பேச்சு அந்த அணியைப் பற்றித் தவறாகவே இருந்தது. இழந்த புள்ளிகள் திரும்ப வராது என்பது மட்டும்தான் மெய்.

சி.எஸ்.கே. விஷயம் வேறு. அங்கே நோய் உண்மையிலேயே இருந்தது, ஆனால் அதைச் சொன்னது தோல்விகளின் எண்ணிக்கை இல்லை. பவர்பிளேயில் மட்டை ஓடவில்லை. ஏப்ரல் 11 அன்று சேப்பாக்கத்திலேயே 20 ஓவரில் 103. கொல்கத்தா அதை 10.1 ஓவரில் முடித்தது. அதை ஆட்டம் பார்த்தவன் சொல்லலாம், பட்டியல் பார்த்தவன் சொல்ல முடியாது. அதே சி.எஸ்.கே., காயம்பட்ட ருதுராஜின் இடத்துக்கு 17 வயது ஆயுஷ் மாத்ரேயைக் கொண்டுவந்தது. மே 3 அன்று நம் சின்னசாமியில் அந்தப் பையன் 48 பந்தில் 94 அடித்ததைப் பார்த்து, எதிரணி ரசிகனான எனக்கே நெஞ்சு படபடத்தது. இரண்டு ரன்னில்தான் தப்பித்தோம். பத்தாவது இடத்தில் கிடந்த அணிக்குள் அடுத்த வருடத்துக்கான ஆள் ஆடிக்கொண்டிருந்தான். பட்டியலில் அதற்கு ஒரு பத்தியும் கிடையாது.

இன்னொரு பேச்சு உண்டு, அதை ஒரு வரியில் தள்ளிவிடலாம்: ராசி. ஒரு ரன்னில் தோற்றால் ராசி இல்லை, ஆறு ரன்னில் ஜெயித்தால் ராசி வந்துவிட்டது. எதையும் விளக்காத சொல்.

இப்போது எங்கள் ஊர். தங்கவயல்காரன் சீக்கிரம் "முடிஞ்சுது" என்று சொல்கிறான் என்றால் அவன் கிரிக்கெட் தெரியாதவன் என்று அர்த்தமில்லை. 2001 பிப்ரவரி 28 அன்று எங்கள் ஊரின் பாரத் கோல்டு மைன்ஸ் (பி.ஜி.எம்.எல்.) தங்கச் சுரங்கத்தை மூடினார்கள். அதற்கு முன்னும் பின்னும் திறக்கும், திறக்கும் என்று எத்தனை தேர்தலில், எத்தனை மேடையில் கேட்டிருப்போம். சுரங்கத் தொழிலாளர்களின் லைன் வீடுகளில் அப்பாக்கள் நம்பினார்கள், பிள்ளைகள் ரயிலேறிப் பெங்களூருக்குப் போனார்கள். நம்பிக்கைக்குக் கொடுத்த விலை எங்களுக்குத் தெரியும். அதனால் வலி வருவதற்கு முன்பே கையை உதறிக்கொள்வது இங்கே ஒரு பழக்கமாகிவிட்டது. ஏப்ரலிலேயே அணியைக் கைவிட்டால் மே மாதம் அழ வேண்டியதில்லை. இந்தக் காரணத்தை நான் மதிக்கிறேன். ஆனால் அதை அனுபவ ஞானம் என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

சுரங்கம் மூடப்பட்டது ஐந்து வாரக் கணக்கை வைத்தா? நூறு வருடத்துக்கு மேல் தோண்டி, 3 கிலோமீட்டருக்கும் கீழே போய், கல்லை மேலே கொண்டுவரும் செலவு அதிலுள்ள தங்கத்தின் விலையைத் தாண்டி, நஷ்டம் வருடக்கணக்கில் ஏறிய பிறகு எழுதிய முடிவு அது. அந்த முடிவிலும் எங்களுக்குச் சண்டை உண்டு. அது வேறு கட்டுரை. ஆனால் இதே சுரங்கத்தின் தொடக்கத்தை ஏன் யாரும் சொல்வதில்லை? 1880-இல் மைசூர் கோல்டு மைனிங் கம்பெனி ஆரம்பித்து, முதல் சில வருடங்கள் தோண்டியதில் பணம் கரைந்தது, தங்கம் தென்படவில்லை. லண்டனில் பங்குதாரர்கள் கடையைக் கட்டிவிடலாம் என்று பேசினார்கள். மிச்சமிருந்த பணத்தைப் போட்டு இன்னொரு முறை பார்ப்போம் என்று ஜான் டெய்லர் வாதாடினார். அதற்காக அனுப்பப்பட்ட பிளம்மர் என்பவர், பழங்காலத்து ஆட்கள் தோண்டி விட்டுப்போன குழிகளைப் பின்பற்றிக் கீழே இறங்கினார். சாம்பியன் லோடு என்ற தங்கப் படிவம் கிடைத்தது. அந்தப் பங்குதாரர்களின் ஏப்ரல் தீர்ப்பு நிறைவேறியிருந்தால் ராபர்ட்சன்பேட்டை இருக்காது, சாம்பியன் ரீஃப் இருக்காது, வட ஆற்காட்டிலிருந்து நம் பாட்டன் பூட்டன் இங்கே வந்திருக்கவே மாட்டார்கள்.

டெய்லர் கண்ணை மூடிக்கொண்டு நம்பவில்லை என்பதையும் கவனிக்க வேண்டும். எங்கே தோண்டினோம், எங்கே தோண்டவில்லை என்று பார்த்தார்கள். நான் ரசிகர்களிடம் கேட்பதும் அந்த அளவுதான். யாரும் "ஈ சாலா கப் நம்தே" (இந்த வருஷம் கப் நமதே) என்று மார்ச்சிலேயே கத்த வேண்டாம். முதல் ஐந்து ஆட்டங்களில் எத்தனை சொந்த மைதானம், எத்தனை வெளியூர் என்று பாருங்கள். எத்தனை முறை டாஸ் போனது, எத்தனை முறை பனியில் பந்து வீச வேண்டியிருந்தது என்று பாருங்கள். முதல் ஆறு ஓவரில் எத்தனை விக்கெட் எடுக்கிறோம், ஏழிலிருந்து பதினைந்துவரை சுழற்பந்தை யார் போடுகிறார்கள், ஐந்தாம் ஆறாம் இடத்தில் இறங்குபவனுக்கு ஆட எத்தனை பந்து மிஞ்சுகிறது, வெளியே யார் உட்கார்ந்திருக்கிறார்கள். இவற்றில் நான்கு சரியாக இருந்து மூன்று ஆட்டம் தோற்றால், பொறுத்திருக்கக் காரணம் இருக்கிறது. இவை எதுவும் சரியில்லாமல் மூன்று ஜெயித்தால், அன்றைக்குக் கவலைப்படுங்கள். அப்போது நானும் உங்களோடு சேர்ந்து கவலைப்படுவேன்.

அடுத்த சீசனில் மாரிக்குப்பம் ரயிலில் யாராவது ஐந்தாம் ஆட்டத்துக்கு மறுநாள் "இந்த வருஷமும் அவ்ளோதான்" என்று தொடங்கினால், முந்தின இரவு நடு ஓவர்களில் யார் பந்து போட்டார், எத்தனை ரன் கொடுத்தார் என்று கேளுங்கள். பதில் இருந்தால் பங்காரப்பேட்டை வருவதற்குள் நல்ல பேச்சாகப் பேசிவிடலாம்.